சபை சொன்னால் சட்டமா? யாழ்ப்பாணத்து ஊர் விதிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒழுங்கையோரம் இருந்த பழைய கிடுகு வேலியைப் பிரித்து, கதியாலைப் பிடுங்கி, மதிலுக்கு அத்திவாரமும் வெட்டியாயிற்று. கல் பறித்தாயிற்று, மேசனுக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து உள்ளூராட்சிச் சபையில் இருந்து கடிதம் வருகிறது: அனுமதி பெறாத கட்டுமானம், உடன் நிறுத்தவும். என் காணி, என் உறுதி, என் காசு, இதில் சபைக்கு என்ன வேலை என்று எவருக்கும் கோபம் வரும். வழமையில் அந்தக் கோபத்தோடு தெரிந்த உறுப்பினர் ஒருவரைத் தேடிப் போவார்கள், அல்லது விதானையாரிடம் போவார்கள், அல்லது கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு மதிலைக் கட்டி முடிப்பார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் இந்தக் கடிதத்தை எழுதினீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்காக.

முதலில் யார் யார் என்பதைத் தெளிவாக்குவோம். யாழ் மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. யாழ்ப்பாணம் மாநகர சபை ஒன்று, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என்று நகர சபை மூன்று, மிச்சம் 13-உம் பிரதேச சபைகள். இவை எல்லாம் நாங்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிற சபைகள். பிரதேச செயலகம் என்பது வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பாதிப்பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பிரதேச செயலகம் மத்திய அரசாங்கத்தின் கந்தோர். அதற்குத் தேர்தல் கிடையாது. விதானையாரும், அதாவது கிராம அலுவலரும், அந்தப் பக்கத்து ஆள். வதிவிடச் சான்றிதழ், அரச உதவித் திட்டங்கள், பனை தறிக்கிற அனுமதி போன்றவற்றுக்குச் செயலகம். ஒழுங்கை, குப்பை, சந்தை, தெருவிளக்கு, கட்டட அனுமதி, வீட்டுக்குக் கட்டுகிற சோலைவரி இவற்றுக்குச் சபை. ஒரு கந்தோருக்கு எழுத வேண்டிய கடிதத்தை மற்றக் கந்தோருக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் பதில் வரவில்லை என்று காத்திருப்பவர்களை இன்றைக்கும் காணலாம்.

எந்தச் சபை என்பதிலும் கவனம் வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நல்லூர் பிரதேச சபைக்குள் இல்லை, அது மாநகர சபை எல்லைக்குள் வருகிறது. அதனால்தான் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மூடுவது, கடைகளுக்கு இடம் ஒதுக்குவது எல்லாம் மாநகர சபையின் பொறுப்பில் நடக்கிறது. திருநெல்வேலி, கொக்குவில், கொண்டாவில் பக்கம் போனால் நல்லூர் பிரதேச சபை. சாவகச்சேரியில் நகர சபையும் இருக்கிறது, அதே பெயரில் பிரதேச சபையும் இருக்கிறது. சோலைவரிப் பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள், உங்கள் சபை எது என்று அதில் இருக்கும்.

சரி, இனி அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மாநகர சபைக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நகர சபைக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பிரதேச சபைக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். இந்த மூன்றும் பாராளுமன்றமும் அதற்கு முன்பிருந்த சட்டசபைகளும் ஆக்கியவை. எந்தெந்த விடயத்தில் சபை தலையிடலாம், எவ்வளவு தூரம் தலையிடலாம் என்று இவைதான் கோடு போடுகின்றன. அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டு சபை தன் பகுதிக்கென்று ஆக்குகிற விதிக்குத்தான் உபவிதி என்று பெயர். சந்தை, மயானம், விளம்பரப் பலகை, உணவுக்கடை, கழிவகற்றல், கட்டாக்காலி மாடு, இப்படிப் பல விடயங்களுக்கு உபவிதி ஆக்கலாம். சட்டத்தில் இடமில்லாத ஒன்றுக்கு, சபையில் எத்தனைபேர் கை உயர்த்தினாலும், உபவிதி ஆக்க முடியாது.

உபவிதி பிறக்கிற வழி கொஞ்சம் நீளம். வரைவு எழுதி, சபையில் விவாதித்து, வாக்கெடுத்து நிறைவேற்றினாலும் அது அந்த இடத்தில் முடிவதில்லை. மாகாணத்தில் உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சரின் ஒப்புதல் வேண்டும், பிறகு வர்த்தமானியில் வர வேண்டும். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபிறகு அமைச்சர் என்று ஒருவரும் இல்லாததால் அந்த ஒப்புதல் ஆளுநரிடம் போகிறது. வெள்ளிக்கிழமைகளில் வருகிற வர்த்தமானியில் நான்காம் பகுதியின் ஆ பிரிவு உள்ளூராட்சிக்கு உரியது. அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதை எவரும் இறக்கிப் படிக்கலாம். இதற்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிற மாதிரி உபவிதிகளைச் சபை ஒரு தீர்மானத்தால் ஏற்றுக்கொண்டு, ஏற்றுக்கொண்டோம் என்று வர்த்தமானியில் அறிவித்தால் போதும். சின்னச் சபைகளில் சட்டம் எழுதத் தெரிந்த ஆள் இல்லாததால் இந்த வழி அவற்றுக்கு மிகவும் உதவுகிறது. ஆனால் நெடுந்தீவின் தேவையும் சுன்னாகத்தின் தேவையும் ஒன்றல்ல, மாதிரியை அப்படியே எடுத்துப் போட்டால் ஊருக்குப் பொருந்தாத விதியும் சேர்ந்து வந்துவிடும் என்பது என் கவலை.

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிற செய்தி: சபையில் ஏகமனதாகத் தீர்மானம். அதைப் படித்துவிட்டு இனி இது சட்டம் என்று நினைத்துவிடுகிறோம். தீர்மானம் என்பது சபை எடுத்த முடிவு. சபையின் சொந்தக் கட்டடம், சபையின் காசு, சபையின் ஊழியர் இவை சம்பந்தப்பட்டதாக இருந்தால் தீர்மானமே போதும், அதை வைத்து வேலை செய்யலாம். ஆனால் உங்களையோ என்னையோ ஒன்றைச் செய்யச் சொல்ல, செய்யாவிட்டால் தண்டம் அறவிட, வெறும் தீர்மானம் காணாது. அதற்குப் பின்னால் சட்டமோ வர்த்தமானியில் வந்த உபவிதியோ இருந்தாக வேண்டும்.

மரக்கறிச் சந்தையின் கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சந்தைகளில் பல காலமாக இருந்த வழக்கம் இது. விடியப்புறம் கமக்காரர் கத்தரிக்காயோ வெங்காயமோ மூட்டை கட்டிக் கொண்டுவந்து இறக்குவார். தராசில் நிறுத்தால் நூறு கிலோ இருக்கும். காசு தொண்ணூறு கிலோவுக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள், மிச்சப் பத்துக் கிலோ கழிவு. அழுகல், மண், ஈரம் என்று அதற்கு ஒரு காரணமும் சொல்லப்படும். நல்ல மரக்கறியில் எங்கே அவ்வளவு அழுகல்? தோட்டத்தில் தண்ணீர் இறைத்து, மருந்தடித்து, கூலி கொடுத்து விளைவித்தவனின் உழைப்பில் பத்தில் ஒன்று, தராசுத் தட்டில் இருந்து இறங்க முதலே போய்விடுகிறது. கமக்காரர்கள் இதைச் சொல்லாத மேடை இல்லை. சபைகளும் கழிவு எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கின்றன. சொன்ன சில நாள் நின்றிருக்கும், பிறகு பழையபடி.

ஏன் அப்படி என்று பார்த்தால் விசயம் விளங்கும். கழிவு எடுக்கக்கூடாது என்ற தீர்மானத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த வியாபாரியையும் நீதிமன்றம் கொண்டுபோக முடியாது. அதைப் பலமாக்க இரண்டு வழி இருக்கிறது. சந்தை பற்றிய உபவிதிக்குள் இதைத் தெளிவாக எழுதி, மீறினால் என்ன தண்டம் என்றும் சேர்த்து வர்த்தமானியில் கொண்டுவருவது ஒன்று. மற்றது இன்னும் கிட்டிய வழி: சந்தை சபையின் சொத்து, அதைச் சபை குத்தகைக்குக் கொடுக்கிறது, கடைகளையும் வாடகைக்குக் கொடுக்கிறது. குத்தகைக்கு விலை கோருகிற கேள்விப்பத்திர அறிவித்தலிலும் ஒப்பந்தத்திலும், கழிவு எடுத்தால் குத்தகை இரத்து என்று ஒரு வரி எழுதினால் அது ஒப்பந்த நிபந்தனை ஆகிவிடும். மேலிடத்து ஒப்புதலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. ஆகவே உங்கள் ஊரில் எந்தத் தீர்மானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், சரி, இது எந்தக் கடதாசியில் வந்து முடியப் போகிறது என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் அந்தத் தீர்மானம் கூட்ட அறிக்கைக்குள்ளேயே இருந்துவிடும்.

கொள்கை என்று ஒன்றும் இருக்கிறது. எந்த ஒழுங்கைக்கு முதலில் தார் போடுவது, குப்பை வண்டி எந்த நாளில் எந்தப் பக்கம் போவது, வாசகசாலைக்கு எவ்வளவு ஒதுக்குவது, இவை சட்டம் அல்ல, முன்னுரிமை பற்றிய முடிவுகள். இவை வருட முடிவில் வருகிற வரவுசெலவுத் திட்டத்தில்தான் தீர்மானிக்கப்படுகின்றன. தேர்தல் நேரத்துப் பேச்சைவிட அந்த வரவுசெலவுத் திட்டத்தைப் படித்தால் சபையின் மனம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இனி மதிலுக்கு வருவோம், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்குச் சபையோடு நேரடியாகப் பழக்கம் வருவது கட்டட விடயத்தில்தான். கட்டட அனுமதிக்குப் பின்னால் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேலே, நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனம் செய்த பகுதிகளுக்கு 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒழுங்கையோர மதில் என்றால் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நாடாவோடு வந்து ஒழுங்கையின் நடுவில் இருந்து அளப்பார். ஒழுங்கை இப்போது எட்டடியாக இருக்கலாம், ஆனால் நாளைக்கு அது எவ்வளவு அகலத்துக்கு விரிய வேண்டும் என்று சபை ஒரு கோடு வைத்திருக்கும், அதுதான் வீதிக்கோடு. மதிலை அந்தக் கோட்டுக்கு உள்ளே தள்ளிக் கட்டச் சொல்வார்கள். அரைப் பரப்புக் காணிகூட விலை பேசப்படுகிற காலத்தில் இரண்டடி உள்ளே போவது எவருக்கும் நோகும். ஆனால் எங்கள் ஒழுங்கைகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வேலி இருந்த காலத்தில் கதியாலைக் கொஞ்சம் அமத்திவிட்டால் வண்டி திரும்பும். இரண்டு பக்கமும் கல்மதில் வந்தபிறகு அம்புலன்ஸ் உள்ளே போக முடியாத ஒழுங்கைகள் எத்தனை இருக்கின்றன? இந்த விதியில் நான் சபையின் பக்கம்.

இன்னொன்று கிணறும் மலசலகூடக் குழியும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதன் வெடிப்புகளுக்குள் தேங்கி நிற்கிற மழைத்தண்ணீரைத்தான் நாங்கள் அள்ளிக் குடிக்கிறோம். மணல் நிலம் வடிகட்டுவது போல இந்தக் கல் அழுக்கை வடிகட்டி விடாது. குழியில் போனது வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கு வந்து சேரும். வீட்டு வரைபடத்தில் குழியை எங்கே காட்டியிருக்கிறீர்கள், உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் அது எவ்வளவு தூரம் என்று கேட்பது அதற்காகத்தான். சீதனத்துக்கென்று காணியைப் பிரித்துப் பிரித்து, நாலு பரப்பு வளவு இரண்டாகி, இரண்டு ஒன்றாகி வரும்போது இந்தத் தூரத்தைக் காப்பாற்றுவது வரவரக் கஷ்டம். பிரகடனம் செய்த பகுதிகளில் பொதுவாக ஒரு துண்டு 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச்சுக்குக் குறையக் கூடாது. எங்கள் கணக்கில் ஒரு பரப்பு பத்துப் பேர்ச். காணியைப் பிரித்து உறுதி எழுத முதல் அந்தப் பிரிப்பு வரைபடத்துக்குச் சபையின் அனுமதி எடுங்கள். நொத்தாரிசு உறுதி எழுதித் தந்துவிட்டார் என்பதற்காகச் சபை அதில் கட்ட விடும் என்று அர்த்தம் இல்லை. வீடு கட்டி முடிந்தபிறகு, அனுமதித்த வரைபடத்தின்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் எடுக்க மறக்க வேண்டாம், வங்கிக்கடன் கேட்டுப் போகும்போதோ விற்கப் போகும்போதோ அதைத் தேடுவார்கள்.

சோலைவரி பற்றிச் சுருக்கமாக. ஆதன வரி என்று கடிதத்தில் இருப்பதும் இதுதான். வீட்டின் ஆண்டுப் பெறுமதியைச் சபை கணித்து, அதில் இத்தனை வீதம் என்று அறவிடுகிறது. முழு வருடத்துக்கும் உரியதை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு, காலாண்டுக் காலாண்டாகக் கட்டுபவர்கள் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். கணித்த பெறுமதி கூடிப்போனது என்று நினைத்தால், அறிவித்தல் கிடைத்தவுடன் அதில் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபியுங்கள். நாள் போன பிறகு வந்து கவுண்டரில் சண்டை பிடித்துப் பயன் இல்லை, அங்கே நிற்கிற பிள்ளைக்கு அதை மாற்றுகிற அதிகாரமும் இல்லை.

வீதி விடயத்தில் மக்கள் சபையைத் திட்டுவதில் பாதி பிழையான இடத்தில் விழுகிறது. ஏ9 போன்ற ஏ தர வீதிகளும் பீ தர வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. அதற்குக் கீழே உள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும்தான் சபையினுடையவை. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்களுடைய பழைய உறுதிகளில் வழிவாய்க்கால் உரிமை, கிணற்றில் பங்கு என்று எழுதியிருக்கும். அப்படிக் குடும்பத்துக்குள் விட்ட பாதையை ஊரே பாவித்தாலும், அது சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறாதவரைக்கும் சபை அதற்குக் காசு செலவழிக்காது. மழைக்கு முழங்கால் வெள்ளம் நிற்கிற ஒழுங்கை உங்களுடையது என்றால், முதலில் அது பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்கத்துக் காணிக்காரரும் சம்மதித்து எழுதிக் கொடுத்துப் பதிவிப்பதுதான் தொடக்கம்.

சபைக்குப் போய்ப் பயனில்லாத விடயங்களும் உண்டு. கோயில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பது பொலிஸ். இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது, ஆகவே முறைப்பாட்டைப் பொலிஸ் நிலையத்தில் கொடுங்கள். எல்லைச் சண்டை, பக்கத்து வீட்டுத் தென்னை ஓட்டுக்கு மேல் சாய்கிறது போன்றவற்றுக்கு, இரண்டு பக்கத்தையும் பேசித் தீர்க்க வைக்கிற இணக்க சபை நல்ல இடம், செலவும் இல்லை. வளவுக்குள் நுளம்பு பெருக விட்டால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். சிரட்டை, டயர், தண்ணீர்த்தொட்டி எல்லாவற்றையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார்.

விதியை மீறினால் என்ன நடக்கும்? முதலில் அறிவித்தல், திருத்த ஒரு கால அவகாசம், பிறகு நீதவான் நீதிமன்றம். தண்டம் விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. விதிமீறலைச் சபை எப்படிக் கண்காணிப்பது என்பது இங்கே சாதாரணக் கேள்வி அல்ல. 2021இல் யாழ் மாநகர சபை நகரத்தில் குப்பை போடுபவர்களைக் கண்காணிக்க ஐந்துபேர் கொண்ட ஒரு அணியைச் சீருடையோடு இறக்கியபோது, அந்தச் சீருடையின் நிறம் விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்தது என்று காரணம் காட்டி அப்போதைய மாநகர முதல்வர் வி. மணிவண்ணன் ஏப்ரல் மாதம் கைது செய்யப்பட்டுப் பிணையில் விடப்பட்டார். குப்பை போடாதே என்று சொல்லப்போன ஒரு சபைக்கு வந்த நிலை அது. உள்ளூர் விதியை நடைமுறைப்படுத்துவதற்கு எங்கள் ஊரில் சட்டத்தில் இருக்கிற அதிகாரம் மட்டும் காணாது என்பதை அந்தச் சம்பவத்தில் பார்த்தோம்.

இவ்வளவும் தெரிந்தபிறகு செய்யக்கூடியது என்ன? சபையிடம் இருந்து கடிதம் வந்தால் அதில் சட்டத்தின் பெயரும் பிரிவு இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார், விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. நடைமுறையில் உள்ள உபவிதிகளின் பிரதியைத் தமிழில் தரவும் என்று ஒரே வரியில் எழுதலாம்.

2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை இரண்டு வருடத்துக்கு மேலாக உறுப்பினர் ஒருவரும் இல்லாமல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். குப்பை வண்டி வந்தது, வரி அறவிட்டார்கள், அனுமதிகளும் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் வட்டாரத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டத்தில் கேள்வி கேட்க ஒரு ஆள் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம் என்ற முறையில் உங்கள் வட்டாரத்துக்கென்று தெரிவான ஒருவருக்கு உங்கள் வாக்கு தேவைப்பட்டிருக்கிறது. அவரிடம் ஒழுங்கைக்கு மின்குமிழ் கேட்பதோடு நிற்காமல், சந்தைக் கழிவுக்கு உபவிதி எந்தக் கட்டத்தில் நிற்கிறது, ஆளுநரின் ஒப்புதலுக்கு அனுப்பியாயிற்றா, அனுப்பிய கடிதத்தின் திகதி என்ன என்று கேளுங்கள். கடிதமாகக் கொடுப்பதென்றால் செயலாளருக்கு முகவரியிட்டு, தவிசாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் பிரதி என்று கீழே போட்டு, உங்களிடம் உள்ள பிரதியில் சபையின் திகதி முத்திரையைக் குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்.